ஆள் நிற்கும் நட்சத்திரம்

சௌம்யாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனாலும் ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் பேச்சுக்கு ஈடுகொடுக்கிற பெரியவர்கள் குறைவு. பொய் சொல்கிறாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உள்ளதையே எடுத்து, ரசத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி பெருக்கி, பிளாக் முழுவதற்கும் பரிமாறிவிடுவாள், அவ்வளவுதான். அவளுடைய அப்பா ஸ்ரீகாந்த் அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில்களுக்கு ஒயரிங் பார்க்கிறவர். சௌம்யா சொல்லிக் கேட்டால், அவர் ஒருநாள் லீவு போட்டால் சென்னையில் ஒரு ரயிலும் நகராது.

அப்பாவுக்கே இந்தக் கதி என்றால் அம்மாவை மட்டும் விட்டுவைப்பாளா?

அம்மா ரேணுகா, ராணுவத்துக்கு உடுப்பும் கூடாரமும் தைக்கிற ஆலையில் தையல் பிரிவில் இருக்கிறாள். குவார்ட்டர்ஸ் வீடு அவள் பேரில் வந்ததுதான். அந்த டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை, மாலை, ஷிப்டு முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் சுருட்டிய சார்ட் பேப்பர். முன்னால் நின்றவன் எதிர்வீட்டு அஸ்வின். ஐந்தாவது படிக்கிறவன். எதையும் கண்ணால் பார்த்துத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவான்.

"ஆன்ட்டி, ஆளு உள்ள நிக்கிற மாதிரி ஸ்டாரு செய்யப் போறீங்களாமே?" என்றான்.

"யார்ரா சொன்னது?"

ஆறு பேரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் பாவாடை நுனி ஒன்று தெரிந்தது.

நடந்தது இதுதான். மாடியில் இருக்கும் ஞானம்மாள் பாளையங்கோட்டைக்காரி, ரேணுகாவோடு அதே ஆலையில் வேலை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு நட்சத்திரம்தான் பிளாக் வாசலில் தொங்கும். அது அவள் வீட்டுப் பண்டிகைதான் என்றாலும், பொங்கல் முடிகிறவரை அதைக் கழற்ற யாரும் விடமாட்டார்கள். இந்த வருஷம் பரணைத் திறந்தால், எலி காகிதத்தை எல்லாம் தின்றுவிட்டுக் கம்பியை மட்டும் மரியாதையாக விட்டுவைத்திருந்தது. கடையில் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றாள் ஞானம்மாள். நாங்களே செய்கிறோம் என்றார்கள் பிள்ளைகள். எவ்வளவு பெரிசு என்ற பேச்சு வந்தது. அஸ்வின் கையை விரித்து அளவு காட்டினான். அங்கேதான் சௌம்யா குறுக்கே புகுந்தாள்.

ரேணுகா மகளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"இன்னாடி இது? காயிதத்துல நான் ஒரு கப்பலாவது செஞ்சி நீ பாத்துகிறியா?"

"நீ டென்ட் தெக்கிற இல்ல?"

"அதுக்கு?"

"அதுக்குள்ள பத்து பேரு படுத்துக்கறாங்கன்னு சொன்ன இல்ல? பத்து பேரு படுக்கலாம்னா, ஒரு ஆளு நிக்க முடியாதா?"

ரேணுகாவுக்குக் கோபமாக இருந்தது. கூடவே, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், தித்திப்பாகவும் இருந்தது. தான் வேலையைப் பற்றிச் சொன்ன ஒற்றை வரியை இந்தப் பெண் மனசில் முடிந்துவைத்திருக்கிறாளே.

"அந்த டென்ட்ல உன் பேரு போட்டிருப்பாங்களாம்மா?"

"பேரு எதுக்கு? நம்பர் இருக்கும்."

"அப்ப நீ தெச்சதுன்னு எப்டி தெரியும்?"

"தெரியாது. யாருக்கும் தெரிய வாணாம்." ரேணுகா முகத்தைக் கழுவிக்கொண்டாள். வாசலில் பிள்ளைகள் கிசுகிசுப்பது கேட்டது. இப்போது முடியாது என்று சொன்னால், நாளை முதல் தன் மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த அஸ்வின் "ஆளு நிக்கிற ஸ்டாரு" என்று பாடியே காட்டுவான். அது அவளுக்குத் தெரியும். நேராக வாசலுக்குப் போனாள்.

"செப்பல அங்கியே உட்டுட்டு உள்ள வாங்க. செய்யலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினார்கள். கூடம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சார்ட் விரிந்தது. முன்பக்கத்துக்கு ஐந்து முனை, பின்பக்கத்துக்கு ஐந்து முனை. இரண்டையும் ஓரத்தில் சேர்த்துவிட்டால் நடுவில் வயிறு உப்பி நிற்கும். பின்பக்கத்தில் அடிவரை ஒரு கீறல் விட்டு இரண்டு பக்கமும் நாடா வைத்தாள் ரேணுகா. கூடாரத்துக்கு வாசல் வைப்பது அப்படித்தான். ஆள் உள்ளே போக வேண்டுமே. வாசலைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அஸ்வின்கூட நாடாவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

பெரிய பிள்ளைகள் கத்தரித்தார்கள். இரண்டாவது படிக்கிற யூசுப், கலர் காகிதத்தை மடித்து மடித்து வெட்டிக் குஞ்சம் செய்தான். மற்றவர்கள் வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி கோத்தார்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கு அந்தச் சங்கிலி என்று ஏற்பாடு. வீடு முழுவதும் காகித நறுக்கு. மின்விசிறியைப் போடக்கூடாது என்று சௌம்யா சட்டம் போட்டிருந்ததால் எல்லாரும் வியர்த்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

ரேணுகா தன் கால் மிஷினில் உட்கார்ந்தாள். இங்கேதான் அவள் கை அவளைக் காட்டிக்கொடுத்தது. வேறு யாராக இருந்தாலும் பசையைத் தேடியிருப்பார்கள். இவளோ தையலுக்கு இவ்வளவு என்று ஓரம் விட்டு, அந்த ஓரத்தை மடித்து, மடிப்பின் மேல் இரட்டைத் தையல் போட்டாள். ஆரம்பத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்தினாள். பனிமலையில் காற்றுக்கு நிற்க வேண்டிய துணிக்கு என்னென்ன உண்டோ, அத்தனையும் அந்தச் சார்ட் காகிதத்துக்கும் நடந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"பாத்தியா?" என்றாள் சௌம்யா, அஸ்வினிடம். "எங்கம்மா தெச்சா யானை இழுத்தாகூட பிரியாது."

சாயங்காலம் வாசலில் இருக்கிற வேப்பமரக் கிளையில் கயிறு போட்டார்கள். ஸ்ரீகாந்த் ஒயர் இழுத்து, உள்ளே பல்பு மாட்டினார். இருட்டத் தொடங்கியிருந்தது. நட்சத்திரம் எழுந்து நின்றபோது அஸ்வினைவிட ஒரு முழம் உயரமாகவே இருந்தது. ஸ்ரீகாந்த் சுவிட்சைத் தட்டினார்.

மாடி ஜன்னலிலிருந்து ஞானம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி ரேணுகா, இன்னும் லைட்டு போடலியா?"

"போட்டாச்சுக்கா."

"போட்டாச்சா?"

சார்ட் அவ்வளவு தடி. கெட்டியாக இருக்கட்டும் என்று தடித்த காகிதமாகப் பொறுக்கியிருந்தாள் ரேணுகா. வெளிச்சம் உள்ளேயே முடங்கிக் கிடந்தது. தையல் போன வழியில் மட்டும், ஊசி இறங்கிய ஓட்டைகளில், புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தது. "ஏய், அங்க பாரு, புள்ளி புள்ளியா எரியுது!" என்று யூசுப் கத்தினான். எல்லாரும் தலையைத் தூக்கிய அந்த நொடியில் லேசாக ஒரு காற்று அடித்தது.

சர்ர்ர் என்று சத்தம். தபால்தலை கிழிகிற மாதிரி, ஓட்டை வரிசை வழியே ஒரு முனை நேராகக் கிழிந்து இறங்கியது. பின்னாலேயே அடுத்தது. துணியில் இரட்டைத் தையல் பலம். காகிதத்திலோ, நெருக்கமாக ஓட்டை போட்டு, இங்கேதான் கிழிய வேண்டும் என்று அடையாளம் வைத்துக் கொடுத்த மாதிரி. கடைசியில் கயிற்றில் பல்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆளு நிக்கும்னு சொன்ன," என்றான் அஸ்வின். "ஸ்டாரே நிக்கல."

பிள்ளைகள் சிரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த அடுத்த பிளாக் பிள்ளைகளும் சிரித்தார்கள். சௌம்யா ஏதாவது பதில் சொல்வாள், வாயாடுவாள் என்று ரேணுகா பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சாப்பிடும்போதும் பேசவில்லை. ஓயாமல் பேசுகிற பிள்ளை வாயை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் மின்சாரம் போன மாதிரி இருக்கிறது.

ரேணுகாவுக்கு நெஞ்சு கசந்தது. அவள் தைத்த ஒரு உருப்படிகூட இதுவரை சோதனைப் பிரிவிலிருந்து திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் முறையாக அவள் கைவேலை திரும்பி வந்திருக்கிறது. அதுவும் மகள் தலையைக் குனியவைத்துவிட்டு.

"உடு ரேணு. கடைல ஒண்ணு வாங்கியாந்து மாட்டிடலாம்," என்றார் ஸ்ரீகாந்த்.

"மாட்டிட்டு? அவ ஆயுசுக்கும் அந்தப் பையன் முன்னால வாயத் தொறக்கவே மாட்டா."

மறுநாள் ரேணுகா வேலை முடிந்து வந்தபோது, சௌம்யா டியூப் லைட்டுக்கு அடியில் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கிழிந்த துண்டு. அதை விளக்குக்கு நேரே பிடித்து, தள்ளி, திரும்பப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நூல் இல்லாம தெச்சா வெறும் ஓட்டை மட்டும் உழும் இல்ல?"

"உழும்."

"அதுல எழுதலாமா?"

"இன்னா எழுதணும்?"

"பேரு. எல்லார் பேரும். லைட்டு போட்டா எரியும்."

ரேணுகா கைப்பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. அந்தத் துண்டை வாங்கி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஒளிப்புள்ளிகள் வரிசை பிசகாமல் ஓடின. ஓரங்களை மைதா பசையும் துணிக் கீற்றும் வைத்து ஒட்டிவிடலாம். அங்கே ஊசியே வேண்டாம். நடுப்பகுதியில் நூலைக் கழற்றிவிட்டு, தையலை நீளமாக வைத்து ஓட்டினால், ஓட்டைகள் தள்ளித் தள்ளி விழும். கிழியாது. தடித்த காகிதம் வெளிச்சத்தை மறைத்ததே, அதுவே இப்போது நல்லதாகப் போயிற்று. மெல்லிய காகிதமாக இருந்தால் முழுக்க ஒளிர்ந்துவிடும், எழுத்து தெரியாது. அவளுக்கு மகளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. சுற்றினாள். எட்டு வயசுப் பெண் கனமாகத்தான் இருந்தாள்.

"முதல்ல அஸ்வின் பேரு போடு," என்றாள் சௌம்யா.

"அவன் பேரா? அவன்தான சிரிச்சான்?"

"அவன் பேரு இருந்தா அப்புறம் சிரிக்க மாட்டான் இல்ல?"

ரேணுகா மகளை ஒரு பார்வை பார்த்தாள். வாய் மட்டும் நீளமில்லை.

அஸ்வின் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். வந்து பார்க்க மட்டும் செய்கிறேன் என்று வந்தான். பென்சிலால் தன் பேரைப் பெரிதாக எழுது என்றதும், கோடு கோடாக இருந்தால் சுலபம் என்று ஆங்கிலத்தில் எழுதினான். ரேணுகா மிஷினை மிதித்தாள். காகிதத்தை இரண்டு ஓரத்திலும் பிடித்து அவனே திருப்பினான். டக் டக் டக் என்று ஊசி போன பிறகு, அவன் அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். புள்ளி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஆன்ட்டி, தமிழ்லயும் ஒண்ணு போட்டுக்கட்டுமா?" என்றான்.

அதன் பிறகு அவனை அடக்க முடியவில்லை. தன்னைத் தானே சூப்பர்வைசராக நியமித்துக்கொண்டான். பசை காய்ச்சுவதிலிருந்து கீற்று கிழிப்பதுவரை எல்லாம் அவன் மேற்பார்வை. யூசுப் தலைமுடியில் பாதிப் பசை போனது. சௌம்யாவின் பேரில்தான் எத்தனை சுழி! சுழி வரும் இடமெல்லாம் ஊசியை நிறுத்தி, காகிதத்தைத் திருப்பி, மறுபடி மிதித்து, அம்மாவும் மகளும் நெற்றியோடு நெற்றி இடித்துக்கொண்டார்கள். அடுத்த பிளாக்கிலிருந்து சிரித்த இரண்டு பேரும் மெல்ல வந்து வாசலில் நின்றார்கள். அவர்கள் பேரையும் போட்டார்கள். ஞானம்மாள் ஒரு தட்டு முறுக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏ புள்ளைகளா, ஏசு பேரையும் ஒரு ஓரத்துல போடுங்க, அவருக்குத்தானே பொறந்தநாளு," என்றாள். நடுவயிற்றில் பெரிதாகப் போட்டார்கள்.

உச்சி முனை ஒன்றை மட்டும் பிள்ளைகள் ரேணுகா கையில் கொடுக்கவே இல்லை. அதை அஸ்வின் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். சௌம்யாவும் கூடவே போனாள்.

"அத கொண்டாங்கடா, நான் செக் பண்ணணும்."

"வாணாம் ஆன்ட்டி. அது செக்கிங்ல பாஸாயிடிச்சி," என்றான் அஸ்வின்.

பழக்க தோஷம், சரிபார்க்காமல் ஒன்றை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் விட்டுவிட்டாள். முன்னாலிருந்த கர்வம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் கழன்றிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை. ஸ்ரீகாந்த் ஷெட்டிலிருந்து சீக்கிரம் வந்து, உச்சி முனையைத் தானே ஒட்டினார். ரேணுகாவை மரத்துக்குப் பின்னால் நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தார். "நீ இழு. நான் முன்னால நின்னு சாயுதான்னு பாக்கறேன்." செய்தி எப்படிப் பரவியதோ, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் வாடகைக்கு இருக்கிற ஆலைக்காரர்கள்கூடக் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் ரேணுகா கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். இன்றைக்கும் கிழிந்தால் சௌம்யா என்ன ஆவாள் என்பது ஒன்றுதான் நினைப்பு. மெதுவாக இழுத்தாள். கீழ் முனைகள் தரையைத் தொட்டபடி நட்சத்திரம் நிமிர்ந்தது. காற்று வந்தது. உப்பியது, லேசாக ஆடியது, நின்றது.

விளக்கு எரிந்தது.

கூட்டத்திலிருந்து "ஆ" என்று ஒரு சத்தம் எழுந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பின்பக்கம்தான் தெரிந்தது. அந்தப் பக்கமும் ஒளிப்புள்ளிகளில் பேர்கள். முன்பக்கத்துப் பேர்களைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். பேருக்குரியவர்கள் துள்ளினார்கள். பேருக்குரியவர்களைப் பெற்றவர்கள் போனைத் தூக்கினார்கள்.

"ஆளு நிக்குமா?" என்று யாரோ கேட்டார்கள்.

சௌம்யா அஸ்வினைப் பார்த்தாள். உள்ளே போ என்று கை காட்டினாள். முதலில் நுழைய வேண்டியவள் அவள்தான். அந்த மரியாதையை அவனுக்குக் கொடுத்தாள். அவன் பின்பக்கம் வந்து நாடாவை அவிழ்த்து, பல்பில் இடிக்காமல் குனிந்து நுழைந்து, உள்ளே நிமிர்ந்து நின்றான்.

"நிக்கிறேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினான். "நேரா நிக்கிறேன்! தல முட்டல!"

கைதட்டல். அதற்கு நடுவே மாடி ஜன்னலிலிருந்து ஞானம்மாளின் குரல் கேட்டது: "ரேணுகா!"

"இன்னாக்கா?" என்றாள் ரேணுகா, மரத்துக்குப் பின்னாலிருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். "உன்னையக் கூப்பிடல ஏட்டி, எழுதியிருக்கத வாசிக்கேன்," என்றாள் ஞானம்மாள்.

ஸ்ரீகாந்த் வந்து கயிற்றில் கை வைத்தார். "இத நான் புடிச்சிக்கறேன். போய் முன்னால பாரு."

அவள் முன்னால் வந்தாள். உச்சி முனையில், எல்லாப் பேருக்கும் மேலே, அவள் பேர். மிஷினில் ஓட்டியது இல்லை. கையால், கோணி ஊசி வைத்துக் குத்தியது. கொம்பு ஒரு பக்கம் சாய்ந்து, துணைக்கால் முனைக்கு வெளியே ஓடப் பார்த்து, புள்ளிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன. சோதனைப் பிரிவில் இப்படி ஒன்று வந்தால் அவளே திருப்பி அனுப்பியிருப்பாள். எத்தனையோ கூடாரங்கள் அவள் கையிலிருந்து போயிருக்கின்றன. எந்த மலையில், யார் தலைக்கு மேலே நிற்கின்றனவோ. ஒன்றிலும் இந்தப் பேர் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ராணுவமே வந்து சல்யூட் அடித்திருந்தாலும் இவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "மேல போட்டிருக்கற ரேணுகா யாரு, ஸ்டாரு வித்த கடைக்காரங்களா?"

சௌம்யா வாயைத் திறந்தாள். அதற்குள் நட்சத்திரத்துக்குள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது. "கடையா? எங்க பிளாக் ஆன்ட்டி! மிலிட்டரிக்கு டென்ட் தெக்கறவங்க! ரெண்டு நாளுல தெச்சிட்டாங்க, தெரியுமா?" என்றான் அஸ்வின். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதுவும் சொல்லாத பையன் நான்கு நாளை இரண்டாகச் சுருக்கிவிட்டான்.

தன் வேலையை இன்னொருத்தன் பறித்துக்கொண்டால் சௌம்யா சும்மா இருப்பாளா? சேர்த்துவைத்திருந்த பேச்சு எல்லாம் ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு வந்தது.

"இது இன்னா! அடுத்த வருசம் பாரு, எங்கம்மா பஸ்ஸு உள்ள நிக்கிற மாதிரி செய்யப் போறாங்க!"

கூட்டம் சிரித்தது. "பஸ்ஸா? காயித ஸ்டாருக்குள்ள பஸ்ஸு எப்டி நிக்கும்?" என்று அடுத்த பிளாக் பையன் ஒருவன் விடாமல் கேட்டான்.

சௌம்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ரேணுகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகள் தோளில் கையை வைத்தாள்.

"ஏன் நிக்காது?" என்றாள்.